காரீயத்தின் கதை: உலோகம் இல்லா மின்முனையைத் தேடிய வரலாறு

தோட்டப்புறங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படுவோர் கையில் டார்ச் லைட்டு ஒன்று இருப்பது நெடுநாள் வழக்கம். அதிலிட்ட பேட்டரி தீர்ந்தபின் சிறுவர்கள் அதனைக் கல்லால் தட்டிப் பிளப்பதும் உண்டு. வெளியே துத்தநாகத் தகட்டாலான குவளை. உள்ளே கையில் ஒட்டும் கறுப்புப் பொடி. நடுவே விரல் நீளத்துக்கு ஒரு கரிக்குச்சி. பொடியை உதறிவிட்டுக் குச்சியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் கோடு கிழித்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு.

அக்குச்சிக்கு விஞ்ஞானிகள் தரும் பெயர் மின்முனை என்பது. கலத்தினுள் மின்சாரம் புகுவதற்கும் வெளிவருவதற்கும் அது வாயிலாக நிற்கிறது. வாயிலாக நிற்கும் பொருளுக்கு இரு தகுதிகள் வேண்டும்: மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்த வேண்டும், சுற்றியுள்ள அமிலமும் காரமும் அரிக்காமல் நிலைத்து நிற்க வேண்டும். இவ்விரு தகுதியும் பெற்ற உலோகம் பிளாட்டினம். ஆயின் அதன் விலையோ ஏழை நாடுகள் எட்டிப்பிடிக்க இயலாதது. வெட்டியெடுக்கப்படும் பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கா என்னும் ஒரே நாட்டிலிருந்து வருவது.

உலோகமன்றி அத்தகுதிகளைப் பெற்ற பொருள் கரி ஒன்றே எனலாம். இன்று தூய ஆற்றல் தரும் கருவிகளுக்கென ஆய்வுக்கூடங்களில் ஆக்கப்படும் 'உலோகமற்ற கிராபீன் மின்முனை' அந்தக் கரிக்குச்சியின் வழிவந்ததே. பிளாட்டினத்தின் ஆசனத்தில் கரியை அமர்த்தும் முயற்சி 180 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதில் கரி வென்ற களமுண்டு, தோற்ற களமுண்டு, வென்றதாக எண்ணிப் பின்னர் ஐயுற்ற களமும் உண்டு. இம்மூன்றையும் அறிந்தாலன்றி இன்றைய ஆராய்ச்சியின் தரத்தை அளந்தறிதல் அரிது.

பெயரில் நேர்ந்த பிழை

கரி பல வடிவங்களில் உலகில் காணப்படுகிறது. அவற்றுள் மின்சாரத்தை நன்கு கடத்துவது கிராபைட். பென்சிலின் உள்ளே இருப்பதும் அதுவே. இதனை இலங்கைத் தமிழர் காரீயம் என்பர். காரீயம் என்பதைப் பிரித்தால் கருமையான ஈயம் என்றாகும். மேனாட்டாரும் நெடுங்காலம் இப்படியே எண்ணினர். ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'பிளம்பாகோ' என்னும் பெயராலேயே அதனை வழங்கினர்.

அதில் ஈயம் அணுவளவும் இல்லை. 1779-இல் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே அப்பொருளை ஆராய்ந்து, அது கரியின் ஒரு வகையே எனக் காட்டினார். 1789-இல் ஜெர்மானியரான வெர்னர், எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று கிராபைட் என்னும் பெயரை ஆக்கினார். உலோகத்தின் பெயர் பூண்ட ஒரு பொருளில் உலோகம் இல்லை என்பது சோதனையால் தெளிந்த வரலாறு இது. இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்குப்பின், இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சி நம் அண்டை நகரிலேயே நேர்ந்தது. அது பின்னர்க் கூறப்படும்.

கரியின் முதல் வெற்றி

1839-இல் பிரிட்டனில் வில்லியம் குரோவ் என்பார் ஆற்றல் மிக்க மின்கலம் ஒன்றை ஆக்கினார். கந்தக அமிலத்தில் துத்தநாகமும், நைட்ரிக் அமிலத்தில் பிளாட்டினமும் அதன் இரு முனைகள். கலம் நன்றாக வேலை செய்தது. ஆனால் பிளாட்டினத்தின் விலை அது பரவுவதற்குத் தடையாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1841-இல், ஜெர்மனியின் ராபர்ட் பன்சன் அத்தடையை நீக்கினார். கல்கரியையும் சுட்ட கரியையும் பொடித்து, கலந்து, அச்சிலிட்டுச் சூளையில் சுட்டு, கட்டியான கரிமுனையைச் செய்தார். பிளாட்டினம் நின்ற இடத்தில் அக்கரிமுனை நின்றது, மின்சாரமோ குறையவில்லை. கரி பிளாட்டினத்தை வென்ற முதல் களம் இது.

1866-இல் பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே, கரிமுனையைச் சுற்றி மாங்கனீஸ் டையாக்சைடு என்னும் கறுப்புப் பொடியை இட்டு வேறொரு கலத்தை அமைத்தார். அதன் ஈரத்தைக் கூழாக்கி அடைத்தபோது உலர்ந்த பேட்டரி பிறந்தது. தோட்டத்துச் சிறுவர் உதறிவிடும் கறுப்புப் பொடி அந்த மாங்கனீஸே.

குரோவ் இன்னுமொரு கருவியையும் கண்டார். ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் இரு பிளாட்டின முனைகளில் செலுத்தினால் அவை கூடி நீராகும்போது மின்சாரம் எழுவதை அவர் காட்டினார். இக்காலத்தார் இதனை எரிபொருட்கலம் என்பர். புகையில்லை, சாம்பலில்லை, எஞ்சுவது நீர் மட்டுமே. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. ஹைட்ரஜன் எளிதில் வினைபுரியும், பிராணவாயுவோ மந்தமானது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பவை. அப்பிணைப்பை அவிழ்க்கப் பிளாட்டினம் போன்றதொரு தூண்டுபொருள் வேண்டும். சாதாரணக் கரி மின்சாரத்தைக் கடத்துமே அன்றிப் பிராணவாயுவைப் போதிய வேகத்தில் தூண்டாது. எனவே பன்சனின் வெற்றி இக்கலத்துக்கு உதவவில்லை. இங்கே பிளாட்டினத்தின் ஆசனம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அசையாதிருந்தது.

இலங்கையும் பினாங்கும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராபைட்டுக்கு உலகெங்கும் தேவை பெருகிற்று. மண்ணிலும் பாறையிலும் செதிலாகச் சிதறிக் கிடப்பதே பெரும்பாலான நாடுகளில் கிராபைட்டின் இயல்பு. இலங்கையிலோ அது பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கரியாகவே கிடைக்கும் நரம்புகளும் உண்டு. போகலை, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிலிருந்து வந்த கட்டிகளைக் கொழும்பின் கிடங்குகளில் பெண்கள் கையால் உடைத்தும் சலித்தும் தரம் பிரித்தனர். முதல் உலகப் போரின்போது இவ்வேற்றுமதி உச்சத்தை எட்டிற்று. போர் முடிந்தபின் மடகாஸ்கரின் போட்டியால் சரிந்தது. அமெரிக்கரான அச்சிசன் 1896-இல் உரிமம் பெற்ற செயற்கைக் கிராபைட்டும் மின்முனைச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டது.

இலங்கையிலிருந்து கப்பலேறிய கட்டிகளில் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகளாகவே மாறிற்று. உலோகத்துக்கு ஏவல் செய்வதே அந்நாளில் கரியின் தொழில். பினாங்கிலும் இதுவே நிகழ்ந்தது. ஈய லம்பங்களில் அள்ளிய தாது, டத்தோ கிராமட்டில் 1897-இல் தொடங்கிய ஆலைக்கும், பட்டர்வொர்த்தில் 1902-இல் எழுந்த ஆலைக்கும் வந்து சேர்ந்தது. தாதுவில் ஈயம் பிராணவாயுவோடு கூடியிருக்கும். அதனைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சினால் பிராணவாயுவைக் கரி பற்றிக்கொண்டு புகையாகப் போகும். வெள்ளீயம் தனித்து ஓடும். பினாங்கு ஈயத்தின் புகழுக்குப் பின்னால் பேரின்றி எரிந்து போன பொருள் கரி.

காரைக்குடியில் கரி கண்ட தோல்வி

பினாங்குத் தமிழருக்குக் காரைக்குடி புதிய பெயர் அன்று. தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தில் செல்லும் நகரத்தார் வெள்ளி ரதம் 1894-இல் அவ்வூரிலிருந்து கப்பலில் வந்தது என்பர். அதே ஊரில் பின்னொரு காலத்தில் மின்முனை ஆராய்ச்சிக்கென ஒரு பெரு நிலையம் எழுந்தது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் அதற்கென ஈந்தார். 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். அரிப்பு, பேட்டரி, உலோகப் பூச்சு என மின்சாரமும் இரசாயனமும் சந்திக்கும் எல்லாத் துறைகளும் அங்கே ஆராயப்படலாயின.

அந்நிலையத்தின் வரலாற்றில் கரி தோற்ற கதை ஒன்றுண்டு. உப்பு நீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலைகளில் கிராபைட் முனைகளே பல்லாண்டு பயன்பட்டன. மின்சாரம் பாயும்போது அம்முனைகளைப் பிராணவாயு சிறிது சிறிதாகத் தின்றுவிடும். முனை தேய்ந்து இடைவெளி அகல, மின்சாரச் செலவு ஏறும். 1960-களில் ஐரோப்பாவில், டைட்டானியத் தகட்டின்மேல் ருதேனியம் ஆக்சைடு பூசிய முனை உருவாயிற்று. அது தேய்வதில்லை. காரைக்குடி நிலையம் டைட்டானிய முனை செய்யும் முறையைத் தன் முயற்சியால் வகுத்து இந்திய ஆலைகளுக்கு வழங்கியது. கிராபைட் அங்கே உலோகத்துக்கு இடம் விட்டு விலகிற்று.

இத்தோல்வி புகட்டும் பாடம் எளிது. கரி மலிவானது என்பதற்காக எங்கும் அதனையே வைத்தல் அறிவுடைமை ஆகாது. எந்தக் களத்தில் எது நிலைத்து நிற்கிறது என்பதை ஆலையின் கணக்கே முடிவு செய்யும்.

சுவடியும் ஏடும்

கிராபைட்டை ஓர் ஓலைச்சுவடிக்கு ஒப்பிடலாம். ஒவ்வோர் ஏடும் கரியணுக்கள் தேன்கூட்டு அறைகள்போல் அறுகோணமாகப் பின்னிய ஒற்றைப் படலம். ஏடுகளுக்கிடையே பிணைப்புத் தளர்ச்சியானது. அதனாலேயே பென்சில் தாளில் வழுக்கி எழுதுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏடுகள் அடங்கும். அவற்றுள் தனியேடு ஒன்றே கிராபீன்.

1947-இல் வாலஸ் என்பார் தனியேட்டின் மின்னியல்பைக் கணக்காற் கண்டார். 1962-இல் ஜெர்மனியின் போம் மிக மெல்லிய கரிப்படலங்களை ஆக்கினார். கிராபீன் என்னும் பெயரையும் 1986-இல் அவரும் அவர் தோழரும் முன்மொழிந்தனர். 2004-இல் மான்செஸ்டரில் கைமும் நொவொசெலவும் ஒட்டுநாடாவைக் கிராபைட்டில் ஒட்டி ஒட்டி உரித்துத் தனியேட்டைப் பிரித்து அதன் இயல்பை அளந்தனர். 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுவடி கட்டியாக இருக்கும்போது உள்ளேடுகளைப் பயன்படுத்த இயலாது. தனித்தனி ஏடாக விரித்தாலோ ஒரு கிராம் கரியின் பரப்பு, கணக்கின்படி, 2630 சதுர மீட்டர். அதாவது கால்பந்துத் திடலில் மூன்றிலொரு பங்கு. மின்முனையின் வேலை முழுவதும் பரப்பில் நடப்பது. எனவே விஞ்ஞானிகள் கவனம் இதன்பால் திரும்பியதில் வியப்பில்லை.

நைட்ரஜன் சேர்ந்தபோது

2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தில் லிமிங் டாய் குழுவினர் ஒரு செய்தியை வெளியிட்டனர். கரியேட்டைச் சுருட்டிய வடிவான நுண்குழாய்களில் சில கரியணுக்களை எடுத்துவிட்டு நைட்ரஜன் அணுக்களை அமர்த்தினர். காரநீரில் அக்குழாய்கள் பிராணவாயுவைப் பிளாட்டினத்தினும் நன்றாகத் தூண்டின என்றனர். மறு ஆண்டில் நைட்ரஜன் சேர்ந்த கிராபீனிலும் அதே பயன் கண்டனர். குரோவின் கலத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அசையாதிருந்த ஆசனம் அசைந்தது என உலகம் நம்பிற்று.

நைட்ரஜன் செய்வது என்ன? கரியணுவைவிட நைட்ரஜன் அணு எலெக்ட்ரான்களை மிகுதியாகத் தன்பால் இழுக்கும். அதனால் பக்கத்துக் கரியணு சிறிது நேர்மின் ஏற்கிறது. பிராணவாயு அங்கே வந்து அமர, அதன் இறுகிய பிணைப்புத் தளர்கிறது. நைட்ரஜனுக்கு அடுத்த கரியணுவே வினை நிகழும் இடம் என்று 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மாதிரிப் பொருள்களைக் கொண்டு காட்டினர்.

செய்முறையும் கேட்பதற்கு எளிது. கிராபைட்டைக் கடும் அமிலத்தில் ஊறவிட்டுப் பிராணவாயு ஏற்றினால் ஏடுகள் விலகும். விலகிய ஏடுகளை அம்மோனியாவிலோ, வயலுக்கிடும் யூரியா போன்ற பொருளோடு சேர்த்தோ பலநூறு டிகிரி வெப்பத்தில் சுட்டால், பிராணவாயு நீங்கி நைட்ரஜன் குடியேறும். உலோகம் எதுவும் சேர்க்கவில்லை. ஆகவே இதற்கு 'உலோகமற்ற' என்னும் அடைமொழி வந்தது. 2009-க்குப்பின் நைட்ரஜன் மட்டுமன்றிக் கந்தகம், பாஸ்பரஸ், போரான் என ஒவ்வொன்றாகச் சேர்த்து எண்ணற்ற கட்டுரைகள் வெளிவந்தன.

சிங்கப்பூரில் எழுந்த கேள்வி

சேர்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? இக்கேள்வியை எழுப்பியவர், சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய மார்ட்டின் புமேரா. மண்ணிலிருந்து எடுத்த கிராபைட்டில் இரும்பும் நிக்கலும் போன்ற உலோகங்கள் நுண்ணளவில் கலந்திருக்கும். அவை கிராபீனாக மாறிய பின்னும் நீங்குவதில்லை என 2012-இல் அவர் குழு காட்டிற்று. 2013-இல் அதனினும் கூர்மையான முடிவு வந்தது. ஏடுகளை விலக்கப் பெரும்பாலோர் கையாள்வது 1958-இல் ஹம்மர்ஸ், ஆஃப்மன் என்போர் வகுத்த முறை. அதில் இடப்படும் பொருள் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு, அதாவது கிணற்று நீரைத் தூய்மை செய்யப் போடும் ஊதா உப்பு. அவ்வுப்பில் இருக்கும் உலோகம் மாங்கனீஸ். எத்துணைக் கழுவினாலும் ஒரு துளி மாங்கனீஸ் ஏட்டில் தங்கிவிடுகிறது. பிராணவாயுவைத் தூண்டுவதில் மாங்கனீஸ் ஆக்சைடு தானே வல்லது. தாம் சோதித்த 'உலோகமற்ற' கிராபீனின் திறன் பெரிதும் அந்த எச்சத்தால் வந்ததே என்பது அக்குழுவின் முடிவு.

டார்ச் பேட்டரியில் சிறுவர் உதறிவிட்ட அதே மாங்கனீஸ் இங்கே மீண்டும் வந்து நிற்கிறது. ஷீலே காலத்தில் உலோகத்தின் பெயர் இருந்தது, உலோகம் இல்லை. இங்கோ உலோகம் இல்லை என்ற பெயர் இருந்தது, உலோகம் இருந்தது. இரண்டு பிழையையும் வெளிக்கொணர்ந்தது சோதனையே.

இதனால் நைட்ரஜன் சேர்ந்த கரி முழுதும் பொய் என்று கொள்ளுதல் தவறு. உலோகம் கலவாத மாதிரிகளிலும் அதன் திறன் காணப்பட்டிருக்கிறது. ஆனால் எவ்வளவு திறன் நைட்ரஜனுடையது, எவ்வளவு எச்சத்தினுடையது என்று பிரித்துக் காட்டாத கட்டுரையை நம்பி ஒரு நாடு ஆலை அமைத்தல் ஆகாது. வேறொரு தூள் கிராபைட்டை, வேறொரு சரக்கு உப்பை வாங்கிய அன்றே அந்த மின்முனை ஊமையாகிவிடக்கூடும்.

2020-இல் புமேரா, பிராக் நகரிலிருந்து, தோழர் இருவருடன் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியை வெளியிட்டார். பறவை எச்சத்தைக் கிராபீனோடு சேர்த்துச் சுட்டனர்; அதுவும் வெறும் கிராபீனைவிட மேலான தூண்டுபொருளாயிற்று! எதைச் சேர்த்தாலும் சிறிது உயர்வு வரும். ஆகவே உயர்வு மட்டும் போதாது, ஏன் உயர்ந்தது என்பதும், எடுத்த செலவுக்கு ஈடாகுமா என்பதும் வேண்டும் என்பதே அந்த நகைச்சுவையின் உட்பொருள்.

இன்று நிற்கும் நிலை

உலோகமற்ற கரிமுனையின் இன்றைய நிலையைச் சுருங்கக் கூறலாம். காரநீர்க் கலங்களிலும், துத்தநாகமும் காற்றும் கொண்டு இயங்கும் பேட்டரிகளிலும் அது நம்பிக்கை தருகிறது. வாகனங்களில் இன்று பயன்படும் எரிபொருட்கலமோ அமிலத் தன்மையுடையது. அங்கே அது பிளாட்டினத்துக்கு மிகவும் பின்தங்கியே நிற்கிறது. மின்சாரத்தை விரைந்து ஏற்று விரைந்து விடும் மீமின்தேக்கி என்னும் கருவியில் மட்டும் கரி ஐயமற அரசோச்சுகிறது. அங்கே தூண்ட வேண்டிய வினை இல்லை, பரப்பே போதும். அக்கருவிகளுக்குத் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரியே சிறந்த சரக்குகளுள் ஒன்றாக விளங்குகிறது.

மலேசியாவுக்கு இதில் பங்கு உண்டு. 2014-இல் அறிவிக்கப்பெற்ற தேசியக் கிராபீன் செயல்திட்டம் ரப்பர்ச் சேர்க்கை, லித்தியம் பேட்டரி மற்றும் மீமின்தேக்கி முனை, மின்கடத்தும் மை, நுண்துகள் திரவம், பிளாஸ்டிக் சேர்க்கை என ஐந்து துறைகளைத் தேர்ந்தது. பினாங்கில் 1969-இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தமிழர் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட அந்த வட்டாரத்தில் இன்று கரி நுண்குழாயும் கிராபீனும் ஆராயப்படுகின்றன. செம்பனைக் கொட்டையின் ஓடும் தேங்காய்ச் சிரட்டையும் இந்நாட்டில் குறைவின்றிக் கிடைப்பவை. அவற்றிலிருந்து மின்முனைக் கரி ஆக்கும் முயற்சியும் நடைபெற்று வருகிறது. ஆலை உலையில் எரிந்து சாம்பலாகும் ஓடு, ஆற்றலைச் சேமிக்கும் கருவியாக மாறுமாயின் தோட்டப்புறத்துக்கும் அதில் நன்மை உண்டு.

ஆனால் ஓடும் மண்ணில் விளைந்ததே. பொட்டாசியமும் இரும்பும் கால்சியமும் அதன் சாம்பலில் உள்ளன. அதனை உலோகமற்றது என்று சொல்லுமுன் அமிலத்தில் கழுவி, எஞ்சியதை அளந்து, அளந்ததை எழுதி வைத்தல் வேண்டும். இவ்வேலை புகழ் தருவதன்று, பொறுமையைக் கேட்பது. 1779-இல் ஷீலேயும் 2013-இல் சிங்கப்பூர்க் குழுவினரும் செய்தது இந்த வேலையைத்தான். இரசாயனம் பயில நிபோங் திபாலுக்கோ காரைக்குடிக்கோ செல்லும் தோட்டத்துப் பிள்ளை முதலில் பழக வேண்டியதும் இந்த அளவையே.